கடைசிப் பாட்டின் நீளம்

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கவின்ராஜ் ஆம்னி வேனின் சாவியைச் சக்தியிடம் கொடுத்தான்.

வண்டி அவன் அப்பாவுடையது. மார்டள்ளியிலிருந்து மைசூருக்கு பீன்ஸ் மூட்டை ஏற்றி வருவது. பின் இருக்கைகள் கிடையாது. மலைப்பாதையில் தூக்கம் வராமலிருக்க அப்பா அங்கே பெரிய ஸ்பீக்கர் பெட்டி ஒன்றைப் பொருத்தியிருந்தார்.

"ஸ்டுடியோல எல்லாமே அழகாத்தான் கேக்கும்க்கா. அப்பாவோட பெட்டியில தேறிருச்சுன்னா எங்கயும் தேறும்," என்றான்.

"உள்ள பீன்ஸ் நாத்தம் அடிக்குதேடா."

"அது ஃப்ரீ."

அவர்கள் ஏழு பேர். குழுவின் பெயர் 'ஏழாவது கிராஸ்'. பயிற்சி செய்யும் ஷெட் ஆறாவது கிராஸில், அதாவது ஆறாவது குறுக்குத் தெருவில், இருந்தது. தேடி வருபவர்கள் ஏழாவதில் போய் நின்றுகொண்டு போன் செய்வார்கள். ஆசிட் ஜாஸ், ஃபங்க் என்று போஸ்டரில் போட்டிருந்தார்கள். சக்தியின் அம்மா பாப்பம்மாள் அதைப் பார்த்துவிட்டு, பாத்ரூமுக்கு ஊற்றுகிற ஆசிடா என்று கேட்டாள்.

இது முதல் ஆல்பம். எட்டுப் பாட்டுகள். மறுநாள் காலை பெங்களூருக்கு அனுப்ப வேண்டும். அங்கே கடைசி மெருகு போடுவார்கள். அதன்பின் எதையும் தொட முடியாது. அனுப்புவதற்கு முன் ஒவ்வொருவரும் ஆம்னியில் ரிங் ரோட்டைச் சுற்றி முழுவதையும் ஒரு முறை கேட்டுவிட்டு, 'சரி' அல்லது 'வேண்டாம்' சொல்ல வேண்டும். ஒருவர் வேண்டாம் என்றாலும் வேண்டாம்தான். குழு தொடங்கிய நாளிலிருந்து அதுதான் வழக்கம். ஐந்து பேர் சுற்றி வந்து சரி சொல்லிவிட்டார்கள். சக்தியும் சுரேந்தரும்தான் மிச்சம்.

சக்தி ட்ரம்ஸ். சுரேந்தர் ட்ரம்பெட். கணவன் மனைவி.

"கடைசிப் பாட்ட அஞ்சு நிமிஷத்துல சத்தத்த மெதுவா எறக்கி முடிச்சுட்டேன் அண்ணா," என்றான் கவின். சொல்லும்போது சுரேந்தரைப் பார்க்கவில்லை. பென் டிரைவைச் செருகிக்கொண்டிருந்தான். "நம்ம பேசினபடிதான்."

"சரி," என்றான் சுரேந்தர்.

"கேட்டுட்டுச் சொல்லுங்க."

"அதான் சரின்னு சொல்லிட்டேனேடா."

சக்தி வண்டியை எடுத்தாள்.

போகாதி ரோட்டுச் சந்திப்பில் ரிங் ரோட்டில் ஏறினார்கள். முதல் பாட்டு ஓடியது. மனிஷாவின் கீபோர்டு முதலில், அதன் கீழே கவினின் பேஸ், பிறகு சக்தி. பேஸ் வரும்போது தரைத் தகடு அதிர்ந்தது. காய்ந்த பீன்ஸ் இலை ஒன்று துள்ளித் துள்ளிக் கியரின் அடிக்கு வந்தது.

"நல்லாருக்கு," என்றாள்.

"ம்."

"என் ஹைஹேட் சத்தம் ஸ்வல்ப ஜாஸ்தியோ?"

"உனக்கு எப்பவும் நீ ஜாஸ்தியாத்தான் கேப்ப."

"எல்லாருக்கும் அப்படித்தான மாமா."

ஷெட்டில் அவள் அவனைச் சுரேந்தர் என்று கூப்பிடுவாள். வெளியே வந்தால் மாமா. ஒரு முறை மேடையில் மைக் திறந்திருந்தபோது மறந்து மாமா என்றுவிட்டாள். கல்லூரிப் பிள்ளைகள் கச்சேரி முடியும்வரை அவனை மாமா, மாமா என்றே கூவினார்கள்.

சுரேந்தர் ராமாபுரத்துக்காரன். பதினேழு வயதில் கொள்ளேகால் பேண்டு செட்டில் சேர்ந்து கல்யாண ஊர்வலங்களில் ஊதினான். இப்போது ஹெப்பாளில் ஒரு மெஷின் ஷாப்பில் வேலை. தசரா முடிந்த வாரம் ஒரு காலையில் அவன் வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடது ஓரமாகத் தானாக வழிந்தது. கண்ணாடியில் பார்த்தான். முகத்தின் இடது பாதி அசையவில்லை. முகவாதம் என்றார் டாக்டர். பயப்பட வேண்டாம், பெரும்பாலும் திரும்பிவிடும் என்றார். கண் திரும்பியது. நெற்றி திரும்பியது. இப்போது பொங்கலும் முடிந்துவிட்டது. உதட்டின் இடது ஓரம் மட்டும் வரவில்லை. ஊதினால் அந்த ஓரமாகக் காற்று கசிந்தது. நரம்பு தன் வேகத்தில்தான் வரும், சிலருக்கு அந்தக் கொஞ்சம் நின்றுவிடுவதும் உண்டு என்றார் டாக்டர்.

தினமும் காலையில் அவன் கண்ணாடி முன் நின்று 'ப' சொன்னான். சக்தி அடுப்படியில் நின்று கேட்டாள். எந்த 'ப' நன்றாக வந்தது என்று அவளுக்குத் தெரியும். சொல்ல மாட்டாள். அவனும் கேட்க மாட்டான்.

நஞ்சன்கூடு ரோடு தாண்டியதும் ஒரு டீக்கடை முன் நிறுத்தினாள். ஐந்து பாட்டுகள் முடிந்திருந்தன. இறங்காமலே இரண்டு டீ சொன்னார்கள். சுரேந்தர் சட்டைப் பையிலிருந்து ஸ்ட்ரா ஒன்றை எடுத்தான். இரும்பு ஸ்ட்ரா. வேலை செய்யும் இடத்தில் அவனே குழாய் வெட்டி, முனை மழுக்கிச் செய்தது.

டீ கொண்டுவந்த ஆள் நின்று பார்த்தான். "டீகே ஸ்ட்ரா-வா சார்?"

"ஹௌது. தொட்ட மனுஷ்யரு ஹீகே குடியோது," என்றான் சுரேந்தர். பெரிய மனிதர்கள் இப்படித்தான் குடிப்பார்கள்.

அந்த ஆள் சிரித்துக்கொண்டே போனான். சக்தியும் சிரித்தாள். பிறகு முந்தானை நுனியால் அவன் தாடையின் ஓரத்தைத் துடைத்தாள். அவன் முகத்தைத் திருப்பாமல் இருந்தான். முதல் மாதத்தில் திருப்பிக்கொள்வான்.

மறுபடி சாலை. சாமுண்டி மலை இடப்பக்கம் வந்தது. ஆறாவது பாட்டில் சுசித்ரா பாடினாள். ஏழாவதில் சாக்ஸ் மட்டும். எட்டாவது, கடைசி, 'ரிங் ரோடு'.

அது சுரேந்தர் போட்ட மெட்டு. ஒன்பது நிமிஷம். ஆடி மாதத்தில் பதிவு செய்தார்கள். ஆஷாடத்தில் கல்யாணம் கிடையாது என்பதால் மைசூரில் மண்டபங்கள் காலியாகக் கிடக்கும். ஒரு மண்டபத்தை நாலு நாளைக்கு எடுத்து, மணமேடையில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து ஒரே நேரத்தில் வாசித்தார்கள். ஒவ்வொரு மைக்கிலும் எல்லோருடைய ஓசையும் விழுந்தது. அதுதான் வேண்டும் என்று ஏழு பேரும் சொன்னார்கள். அதனாலேயே பிறகு ஒருவருடைய வாசிப்பை மட்டும் தனியே பிரித்து நகர்த்த முடியாமல் போனது.

மேடை மரப்பலகை. செருப்போடு ஏறக் கூடாது என்று வாட்ச்மேன் முதல் நாளே சொல்லிவிட்டார். எல்லோரும் வெறுங்காலுடன் வாசித்தார்கள். கடைசி நாள் சுரேந்தர் ஷிப்டு முடிந்து நேராக வந்தான். சக்தி எண்ணத் தொடங்கிவிட்டிருந்தாள். ஓடி வந்து, ட்ரம்பெட்டை எடுத்து, அப்படியே ஊதினான். பாட்டு முடிந்த பிறகுதான் அவன் காலில் இரும்பு முனை வைத்த ஃபாக்டரி ஷூ இருந்ததை வாட்ச்மேன் பார்த்தார். தாலி கட்டுகிற இடம் இது என்று திட்டினார். அதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் சிரித்தார்கள்.

அந்தப் பாட்டின் நடுவில் ஒரு வெட்டு வரும். எல்லோரும் நிறுத்திவிடுவார்கள். நாலு பார், அதாவது பதினாறு அடி, ட்ரம்பெட் மட்டும் தனியாகப் போகும். பதினேழாவது அடியில் ஏழு பேரும் ஒன்றாக இறங்க வேண்டும். ஃபங்கில் அந்த முதல் அடி பிசகினால் மற்றது எதுவும் நிற்காது. மண்டபத்தில் மற்றவர்கள் ஒன்றாக இறங்கினார்கள். ட்ரம்பெட் ஓர் அடி பிந்தி இறங்கியது. பிறகு இரண்டு பார் நேரம் ஒரே ஸ்வரத்தில் நின்று, அப்புறம் வந்து சேர்ந்துகொண்டது. செப்டம்பரில் எல்லோரும் உட்கார்ந்து கேட்டபோது சுசித்ரா, "அய்யோ அண்ணா," என்றாள். தசரா முடிந்ததும் மறுபடி பதிவு செய்துகொள்ளலாம் என்று முடிவானது. தசரா முடிந்தபோது அவனால் ஊத முடியவில்லை.

வேறு ஆளை வைத்து ஊத வைக்கலாம் என்றான் சுரேந்தர். மற்றவர்கள் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். அப்படியானால் வெட்டு வருவதற்கு முன்பே பாட்டை மெதுவாக இறக்கி முடித்துவிடலாம் என்றான் கவின். யாருக்கும் தவறு கேட்காது. சுரேந்தர் சரி என்றான். அவன் சரி சொன்னதால் எல்லோரும் சரி சொன்னார்கள். சக்தியும்.

வண்டியில் பாட்டு அந்த இடத்துக்கு வந்தது. ட்ரம்பெட் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே எல்லாம் சேர்ந்து மெல்ல மெல்லத் தணிந்து, எஞ்சின் சத்தத்துக்குள் போய்விட்டது.

சக்தி கியரை மாற்றினாள்.

ஸ்டீரியோ கிர்ரென்றது. அதே பாட்டு மறுபடி தொடங்கியது.

"என்ன இது?"

"பழைய ஃபைலு. அழிக்க மறந்துட்டான்," என்று சுரேந்தர் கையை நீட்டினான். "மண்டபத்துல எடுத்த முழு டேக்கு."

"இருக்கட்டும்."

"எதுக்கு புள்ள."

"இருக்கட்டும் மாமா. கேட்டு மாசமாச்சு."

அவன் கையை மடியில் வைத்துக்கொண்டான்.

இது கவின் மெருகேற்றாத பதிவு. எல்லாம் முரட்டுத்தனமாகக் கேட்டது. அப்பாவின் பெட்டி அதை இன்னும் முரடாக்கியது. ஐந்து நிமிஷம் தாண்டியது. வெட்டு வந்தது. எல்லோரும் நின்றார்கள். ட்ரம்பெட் மட்டும்.

ட்ரம்பெட் மட்டும் அல்ல. கீழே இன்னொன்று கேட்டது. தும், தும், தும். பீன்ஸ் இலை அதற்குத் துள்ளியது.

சக்தி வண்டியின் வேகத்தைக் குறைத்தாள். ஓரம் கட்டினாள். நிறுத்தினாள்.

"என்னாச்சு?"

அவள் பின்னோக்கிப் போகும் பட்டனை அழுத்திப் பிடித்தாள். அதிகமாகப் போய்விட்டது. காத்திருந்தாள். வெட்டு மறுபடி வந்தது. இப்போது அவள் ஸ்டீயரிங்கின் மேல் விரலால் எண்ணினாள். மரப்பலகையின் மேல் இரும்பு முனை ஷூ. ஓர் அடி கூட முந்தவில்லை, பிந்தவில்லை. பதினாலு. பதினைந்து. பதினாறாவது விழுவதும் அவளுடைய பெரிய ட்ரம் விழுவதும் ஒன்றாக இருந்தது. கவின், மனிஷா, எல்லோரும் அவளோடு இறங்கினார்கள். ஷூ நிற்கவில்லை. பதினேழு. அங்கே, சரியாக அங்கே, ட்ரம்பெட் இறங்கியது.

குழுவில் இன்னொரு விதியும் இருந்தது. முதல் வருஷம் தாளத்தைப் பற்றியே சண்டை. யார் முந்தியது, யார் பிந்தியது என்று ஒவ்வொரு பயிற்சியும் விடிய விடிய இழுத்தது. அதனால் ஒரு முடிவு செய்தார்கள்: தகராறு வந்தால் ட்ரம்ஸ் சொல்வதே சரி. கேள்வி கேட்காமல் அதோடு போய்விட வேண்டும். மண்டபத்திலும் அப்படியே போனார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக்கூட இல்லை. அத்தனை பேரும் தவறான அடியில், ஒரே கையால் அடித்ததுபோல் இறங்கினார்கள்.

சக்தி ஸ்டீரியோவை நிறுத்தினாள். ஒரு லாரி கடந்து போனது. ஆம்னி லேசாக ஆடியது.

"மாமா."

"ம்."

"முந்தினது நான்."

அவன் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பருந்து?"

"அப்பவே. நீ எறங்குனப்பவே."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"ட்ரம்ஸ் சொல்றதுதான் சரி. ரூலு."

"வெளையாடாதீங்க மாமா."

"சும்னே சொல்லல புள்ள. நெசந்தான்."

"செப்டம்பர்ல எல்லாரும் உக்காந்து கேட்டோம். சுசித்ரா அய்யோ அண்ணான்னா. நானும் சிரிச்சேன். அப்பவும் கம்முனு இருந்தீங்க."

"இன்னொருக்கா வாசிக்கப் போறமேன்னு இருந்துட்டேன். உம்பேரு எதுக்கு அதுல."

"அந்த ரெண்டு பாரு தடுமாறுனீங்கன்னுதான் நெனச்சுட்டு இருந்தேன். தடுமாறவே இல்ல. நீட்டிப் புடிச்சுட்டு எங்க இருக்கோம்னு பாத்தீங்க. பாத்துட்டு எங்ககிட்ட வந்தீங்க."

"பின்ன? நீங்க எல்லாரும் அங்க இருக்கீங்க. நான் மட்டும் சரியா இருந்து என்ன பண்றது?"

அவள் கைகள் ஸ்டீயரிங்கின் மேல் இருந்தன. அவற்றைப் பார்த்தாள். ஆறு வருஷமாக அந்தக் கைகள் சொன்னதே சரி.

"அந்த ஸ்லிப் உங்களுதுன்னு நெனச்சுத்தான் பாட்ட வெட்டுனோம்," என்றாள். "உங்க சோலோவ. உங்க வாய் இப்படி ஆனப்புறம்."

"வெட்டல. எறக்கிருக்கான்."

"ரெண்டும் ஒண்ணுதான். இது இப்படியே போகக் கூடாது. நான் வேண்டாம் சொல்லப் போறேன். முழுசா வரணும். என் தப்போடயே வரட்டும்."

"பிடு சக்தி, விட்டுரு."

"ஏன்?"

அவன் சட்டைப் பையிலிருந்து ஸ்ட்ராவை எடுத்தான். அதை இரண்டு விரலால் உருட்டினான்.

"என்னக் காப்பாத்தவா? நாலு பேரு எண்ணிப் பாத்து ட்ரம்ஸ்காரி முந்திட்டான்னு சொல்லுவாங்கன்னா? சொல்லட்டுமே."

"அது இல்ல."

"பின்ன என்ன?"

"முழுசா வந்துருச்சுன்னா," என்றான். 'ம' மெலிந்து வந்தது. நிறுத்தினான். மறுபடி சொன்னான். "முழுசா வந்துருச்சுன்னா, அதான் கடைசின்னு ஆயிரும். சுரேந்தர் கடைசியா ஊதுனது இதுன்னு. பாதியில எறக்கிட்டா, மிச்சம் இன்னும் இருக்குன்னு இருக்கும். ஊதாம உள்ள இருக்குன்னு."

சரியாகிவிடும் என்று சொல்லச் சக்தி வாயெடுத்தாள். சொல்லவில்லை. அதை எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் மட்டும்தான் இப்போதெல்லாம் சொல்வதில்லை.

மலை உச்சியில் விளக்குகள் எரியத் தொடங்கின.

"ஒண்ணு பண்றேன்," என்றாள். "இன்னொருக்கா போடறேன். எனக்காக இல்ல. வாய் இப்படி ஆனப்புறம் நீங்க இத முழுசாக் கேட்டதே இல்லதான?"

அவன் தலையசைத்தான். கேட்டதில்லை.

"கேளுங்க. கேட்டுட்டு வேண்டாம்னா வேண்டாம். நான் சரின்னுதான் சொல்லுவேன்."

போட்டாள். ட்ரம்பெட் ஏறியது. அவனுடைய வலது கையின் மூன்று விரல்கள், ட்ரம்பெட்டின் பொத்தான்களை அழுத்துவதுபோல், தொடையின் மேல் அசைந்தன. அவனுக்கு அது தெரிந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. வெட்டு வந்தது. அவன் கால் தகட்டின் மேல் தட்டியது. ஸ்பீக்கரில் ஷூ, வண்டியில் ஹவாய்ச் செருப்பு. இரண்டும் ஒன்றாகப் போயின. அவள் தவறாக இறங்கினாள். எல்லோரும் அவளோடு இறங்கினார்கள். அவன் சரியாக இறங்கினான். பிறகு அந்த நீண்ட ஸ்வரம்.

அவன் உதடுகள் கூடின. ஸ்பீக்கரில் ஒலித்ததோடு சேர்ந்து மெல்ல ஊதினான். இடது ஓரத்தில் காற்று கசிந்து உஸ்ஸென்றது. சக்தி குனிந்து தன் சுட்டுவிரலை அந்த ஓரத்தில் வைத்தாள். பிசியோதெரபி அம்மா காட்டியது போல அழுத்தாமல், மூடுகிற மாதிரி. கசிவு நின்றது. மிச்ச உதடு அதிர்ந்தது. மிகச் சிறிய சத்தம். ஒரு வண்டு ஜன்னல் கண்ணாடியில் மாட்டிக்கொண்டது போல. அவள் விரலில் அது தெரிந்தது.

ஸ்பீக்கரில் அந்த ஸ்வரம் வளைந்து மற்றவர்களோடு போய்ச் சேர்ந்தது. அவன் நிறுத்திவிட்டான். மூச்சு வாங்கியது. அவள் விரலை எடுக்கவில்லை.

"கையில டீ வாசம்," என்றான் அவன்.

"பேசாதீங்க."

பாட்டு இன்னும் மூன்று நிமிஷம் ஓடியது. அந்த மூன்று நிமிஷத்தில் ஏழு பேரும் ஒரே இடத்தில் இருந்தார்கள். அதைத் தவறு என்று யாராலும் சொல்ல முடியாது. சுரேந்தர் இரண்டு முறை சிரித்தான். ஒரு முறை கவினின் பேஸுக்கு. ஒரு முறை கடைசியில், வாட்ச்மேனின் குரல் மைக்கில் விழுந்து "ஷூ, ஷூ" என்றபோது.

சக்தி போனை எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டு இருவருக்கும் நடுவில், கியருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"சொல்லுக்கா. ஹைஹேட் ஜாஸ்தின்னு மட்டும் சொல்லாத."

"கவினு, அந்த ஸ்லிப் அண்ணனோடது இல்ல. என்னோடது."

"ஏன்க்கா இப்ப போய்."

"நான் ஒரு அடி முந்திட்டேன். நீங்க எல்லாரும் எம்பின்னாடி வந்துட்டீங்க. அண்ணந்தான் கரெக்டு. மண்டபத்துப் பதிவ எடுத்து அடியில கேளு. அவரு ஷூ கேக்கும். நீதான் அத வடிகட்டி எடுத்துட்ட."

அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது. மவுஸ் தட்டும் சத்தம். பிறகு மிக மெலிதாக, போன் வழியாக, தும், தும், தும்.

"அய்யய்யோ," என்றான் கவின். "நான் அத மண்டபத்து மோட்டார்னு நெனச்சேன்."

"கடைசியில எறக்குனியே, அந்த ஃபேட எடுத்துரு. முழுசா விடு. என் பங்குக்கு அதான் சொல்றேன். அண்ணன் அவரோடத சொல்லட்டும்."

"சரிக்கா. மத்தவங்ககிட்ட நான் பேசிக்கறேன், கேட்டா யாரும் மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க." கவின் தொண்டையைச் செருமினான். "ஆனா ரூலு ரூலுதான. ஒருத்தர் வேண்டாம்னாலும் வேண்டாம்தான்."

சக்தி போனைச் சுரேந்தர் பக்கம் நகர்த்தினாள். சாலைக்கு அப்பால் வரிசையாக விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. சுரேந்தர் போனைப் பார்த்தான். அவனுடைய மூன்று விரல்கள் தொடையின் மேல் இருந்தன, நடு விரல் அந்த நீண்ட ஸ்வரத்தைப் பிடித்திருப்பதுபோல் அழுந்தியபடி.

"அண்ணா," என்றது போன். "கேக்குதா? முழுசா விடட்டுமா?"